என் வியாதியை எனக்குச் சொல்லாத மகனுக்கு

சங்கருக்கு அம்மா எழுதுவது. வழக்கமாக முன்னால் ‘அன்புள்ள’ என்று ஒரு வார்த்தை போடுவேன். இன்றைக்கு அதைப் போடக் கை வரவில்லை, அதனால் போடவில்லை. போன வெள்ளிக்கிழமை நீ ஆபீசுக்குப் போன பிறகு, என் மருமகள் நித்யாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி மரக்காணம் வந்துவிட்டேன். பத்திரமாகத்தான் இருக்கிறேன். மாத்திரையை வேளைக்குப் போடுகிறேன். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. இதையெல்லாம் நித்யா உன்னிடம் சொல்லியிருப்பாள். இப்போதைக்கு வர வேண்டாம் என்று நான் சொன்னதையும் சொல்லியிருப்பாள். நாலு நாளாக நீ போன் மேல் போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், இல்லையென்றால் அழுவேன். எது வந்தாலும் நீ ‘டென்ஷன் ஆகாதம்மா, உடம்புக்கு ஆகாது’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவாய். கடிதத்தை அப்படி முடிக்க முடியாது. உப்பளத்துப் பெண்களுக்கெல்லாம் மழைக்கால நிவாரண மனு எழுதிக் கொடுத்தவள் நான். பத்தாவது வரை படித்ததை வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசையே பதில் சொல்ல வைத்திருக்கிறேன். பெற்ற மகனுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாதா எனக்கு?

முதலிலிருந்து சொல்கிறேன். நீ செய்ததை நீயே ஒரு முறை வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். மாசி மாதம் அளத்தில் தலைக்குத் துண்டு கட்டும்போதுதான் கழுத்தில் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டது. வலியே இல்லை. ஒரு மாதத்தில் அது மூன்றாகிவிட்டது. ராத்திரியில் பாய் நனைகிற அளவுக்கு வியர்த்தது. நீதான் லீவு போட்டுவிட்டு வந்து என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனாய். கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்த அன்றைக்கு டாக்டர் அறை வாசலில் இருந்த பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு நீ மட்டும் உள்ளே போனாய். என் கழுத்திலிருந்து எடுத்த சதையைப் பற்றிப் பேச, நான் இல்லாமல் போனாய். வெளியே வந்தபோது உன் கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு, “ஏசி ஒத்துக்கலம்மா” என்றாய். “டிபில ஒரு வகையாம். நெறிகட்டி டிபி. மருந்து ஏத்தினா கரைஞ்சிடும்” என்றாய். “டிபிக்கு மாத்திரைதானேடா குடுப்பாங்க? நம்ம செல்வி வீட்டுக்காரருக்கு ஆறு மாசம் மாத்திரைதானே குடுத்தாங்க” என்று கேட்டேன். “இது புது ட்ரீட்மெண்ட்மா. ஊசிதான்” என்றாய். கண் கூடச் சிமிட்டவில்லை.

நான் நம்பினேன். அதுதான் இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெரிய ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டு மருந்து ஏற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண், “உங்களுக்கு எங்கக்கா?” என்று கேட்டாள். “கழுத்துல” என்றேன். “எனக்கு மார்ல” என்றாள். டிபி மாரிலும் வரும்தானே என்று நினைத்துக்கொண்டேன். இப்படி ஒரு முட்டாளாக என்னை அந்தக் கட்டிலில் படுக்க வைத்திருந்தாய். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது மருந்துச் சூடு என்றாய். சுவரில் எழுதியிருந்ததெல்லாம் எனக்குப் புரியாத இங்கிலீஷ். தமிழில் இருந்த ஒரு நோட்டீசுக்கு முன்னால் நீ நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாய். அன்றைக்கு அது தற்செயல் என்று நினைத்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை நீ எத்தனை முறை மன்னிப்புக் கேட்டாலும் என்னால் எளிதில் மறக்க முடியாது. டிபி என்றால் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். செல்வி வீட்டில் பார்த்தவள்தானே. அதனால் உன் வீட்டில் தங்கிய நாளெல்லாம் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். என் துணியைத் தனியாகத் துவைத்தேன். மித்ரா, இரண்டரை வயதுக் குழந்தை, “ஆயா தூக்கு, ஆயா தூக்கு” என்று கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விடுவேன். ஒரு நாள் அது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் கையை உதறிவிட்டேன். கீழே விழுந்து அழுதது. நீ சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். எழுந்து வந்து குழந்தையைத் தூக்கினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘அம்மா, அது ஒட்டாது, தூக்கு’ என்று சொல்ல உனக்கு வாய் இருந்தது. சொன்னால் ‘ஏன் ஒட்டாது’ என்று நான் கேட்பேன், அந்தக் கேள்விக்குப் பயந்தாய். நாலு மாதம் நான் என் பேத்தியைத் தொடவில்லை. அதற்குள் அது என்னிடம் வருவதையே நிறுத்திவிட்டது. அந்த நாலு மாதத்தை எந்த டாக்டரிடம் போய்த் திருப்பி வாங்குவாய்?

இப்போது என் தப்புக்கு வருகிறேன். என் மேலும் தப்பு இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை. மருந்து ஏற்றிய இரண்டாம் நாள் வெள்ளை அணு ஏறுவதற்கென்று ஒரு ஊசி போடுவார்கள். அது எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. அது போட்டால் இடுப்பெலும்பு, தொடையெலும்பு எல்லாம் உள்ளே யாரோ இடிக்கிற மாதிரி வலிக்கும். அந்த வாரம் நான் ஊருக்கு வந்துவிடுவேன். இருபது வருடம் குனிந்து உப்பு வாரிய முதுகுக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரை ஒன்று உண்டு. அளத்தில் அதைப் போடாத பெண் கிடையாது. அதையே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டேன். நீ ஒரு முறை போனில், “சும்மா சும்மா கடையில மாத்திரை வாங்கிப் போடாதம்மா” என்றாய். டீவியை அதிகம் பார்க்காதே என்கிற மாதிரி சொன்னாய், நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். நீ வரும்போது கண்ணில் படக்கூடாதென்று மாத்திரை அட்டையை மிளகு டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் போடச் சொன்ன மாத்திரையையும் கேஸ் மாத்திரைதானே என்று பாதி நாள் விட்டுவிட்டேன். இது என் தப்பு. ஆனால் சங்கர், எனக்கு இருப்பது என்ன, உள்ளே ஏறுவது என்ன என்று தெரிந்திருந்தால் அந்த மாத்திரையைக் கையால் தொட்டிருப்பேனா? வலி மாத்திரை கூடாது, ரத்தம் கசிந்தால் உடனே வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தமிழிலும் அச்சடித்த தாள். அது உன் லேப்டாப் பையில் இருந்தது.

ஐந்தாவது முறை மருந்து ஏற்றிய பிறகு பத்து நாள் இருக்கும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. முதல் நாள் கீரை சாப்பிட்டதால் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கீரை சாப்பிடவில்லை. உன்னிடம் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று சொல்லவில்லை. பார், நானும் மறைத்தேன். மூன்றாம் நாள் காலையில் செல்வி வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்தேன். வாந்தி வந்தது, காப்பித் தூளைக் கரைத்து ஊற்றின மாதிரி. “அக்கா, இது என்னக்கா இப்படி இருக்குது” என்று செல்வி அலறினாள். ஆட்டோ பிடித்து நம்மூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே சின்ன வயசு டாக்டர் ஒருவர் இருந்தார். கையில் ஊசி குத்திச் சலைன் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, என்ன ட்ரீட்மெண்ட் போயிட்டு இருக்குது உங்களுக்கு?”

“டிபிங்க. நெறிகட்டி டிபி.”

“மாத்திரை காட்டுங்க.”

“டிபிக்கு மாத்திரை குடுக்கலீங்க. ஊசிதான் ஏத்துவாங்க, மூணு வாரத்துக்கு ஒண்ணு.”

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தலையில் இருந்த துண்டைப் பார்த்தார். “டிபிக்கு அப்படி ஊசி கிடையாதேம்மா. துண்டை எடுங்க” என்றார். எடுத்தேன். அதற்குள் செல்வி உனக்குப் போன் போட்டிருந்தாள். அவர் போனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது. நர்சிடம் வேகமாக ஏதோ சொன்னார், ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னார். பிறகு என்னிடம் குனிந்து, கோபமாகத்தான், “கீமோ எடுக்கிறீங்கன்னு முதல்லயே ஏம்மா சொல்லல?” என்றார்.

“கீமோன்னா கேன்சருக்குக் குடுக்கிறதுதானே சார்?”

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. “ஆமாம்மா” என்றார். அவ்வளவுதான். இப்படித்தான் எனக்குத் தெரிந்தது, சங்கர். வாந்தி படிந்த புடவையோடு, முன்னே பின்னே பார்த்திராத ஒருவர் வாயிலிருந்து. அந்தப் பிள்ளைக்கு உன் வயதைவிடக் குறைவுதான் இருக்கும். என்னிடம் அதைச் சொல்லும் பாரத்தை அவர் தலையில் வைத்துவிட்டாய்.

புதுச்சேரியில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். சிவப்பு அணு பாதிக்கும் கீழே. வெள்ளை அணு பேருக்குத்தான் இருந்தது. ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் மிகவும் குறைவு, அதை ஏற்றாமல் வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவே பயப்பட்டார்கள். நீ உன் கையிலிருந்து பிளேட்லெட் கொடுத்தாய், உன் ஆபீஸ் பிள்ளைகளைக் கூட்டி வந்தாய், மூன்று நாள் அந்த வராந்தாவிலேயே கிடந்தாய். எதையும் நான் மறக்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் வயிற்றில் இரண்டு புண், ஒன்றிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அடைத்தார்கள். எனக்குத் தெளிவு வந்த அன்றைக்கு, முதலிலிருந்து என்னைப் பார்க்கிற டாக்டரம்மா வந்தார். நீ வழக்கம்போல முன்னால் வந்து நின்றாய். “தம்பி வெளியில இருக்கட்டும் மேடம், நீங்க என்கிட்ட பேசுங்க” என்றேன். நீ தயங்கிக்கொண்டு நின்றாய். “போடா” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இது நெறிகட்டிகளில் வருகிற புற்றுநோய். ஏற்றுகிற மருந்து கெட்ட அணுவைக் கொல்லும்போது ரத்தம் ஊறுகிற இடத்தையும் சேர்த்து அடிக்கும், அதனால்தான் மூன்று அணுவும் குறைகிறது. மருந்தோடு ஐந்து நாள் போடச் சொன்ன மாத்திரை வயிற்றை அரிக்கக் கூடியது, அதற்குக் காவலாகத்தான் அந்தக் கேஸ் மாத்திரை. நான் காவலை எடுத்துவிட்டு, மேலே வலி மாத்திரையையும் போட்டேன். புண் வந்தது. வந்த புண்ணில் ரத்தத்தை நிறுத்தப் பிளேட்லெட் இல்லை. பத்தே நிமிடம் ஆகியிருக்கும். எல்லாம் புரிகிற தமிழ். “இது குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிற வியாதிம்மா” என்றார். குணமாகக் கூடிய வியாதியையா மறைத்தாய் என்று உன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது. அவரையும் விடவில்லை. “இத்தன நாளா ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். “உங்க பையன் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதார். அம்மா தாங்க மாட்டாங்கன்னார். நானும் சரின்னுட்டேன். அது எங்க தப்பும்தான்” என்றார். தாங்க மாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? உன் அப்பாவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் முடிந்ததும் அளத்தில் இறங்கி உன்னைப் படிக்க வைத்தவள் தாங்க மாட்டாளா? தாங்க முடியாதவன் நீ. நான் அழுவதைப் பார்க்க உனக்குத் தெம்பு இல்லை. உன் பயத்துக்கு என் பெயரை வைத்தாய்.

இதை எழுதும்போது எனக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வருகிறது. அதையும் எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. உன் அப்பா உப்பு லாரியோடு ரோட்டில் கவிழ்ந்து இறந்தபோது நீ திண்டிவனத்தில் ஹாஸ்டலில் இருந்தாய், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டு. இன்னும் ஒரே ஒரு பரீட்சை பாக்கி. உன் மாமா, “பையனக் கூப்பிட்டுக்கிட்டு வந்துடறேன்” என்று கிளம்பினார். நான்தான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். “பரீட்சை முடியட்டும். அவனுக்கு யாரும் சொல்லக் கூடாது” என்றேன். ஹாஸ்டல் வார்டனுக்கும் சொல்லி அனுப்பினேன். நீ வந்தபோது அப்பாவை எரித்து ஒரு நாள் ஆகியிருந்தது. நீ அழவில்லை, கத்தவில்லை. “அப்பா மூஞ்சி எப்படிம்மா இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாய். நான், “தூங்கற மாதிரி இருந்துச்சு” என்றேன். அதுவும் பொய். அன்றைக்கு நான் உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் முழுசாக நம்பினேன். நீ நல்ல மார்க் வாங்கியபோது, பார்த்தீர்களா என்று மாமாவிடம் பெருமைகூடப் பட்டேன். பாசம் வைத்தவர்களிடம் மறைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு முறை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லி நீ தப்பித்துக்கொள்ளாதே. அந்த வலி எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நீ. தெரிந்தவன் அதை இன்னொருத்திக்குச் செய்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் வந்தேன். இனிமேல் எல்லாம் மாறும் என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை நீ ஹாலில் போனில் மாமாவிடம் பேசியது என் அறைக்குக் கேட்டது. “ஒண்ணும் இல்ல மாமா, அல்சர்தான். சரியாயிடுச்சு” என்றாய். டிபி போய் அல்சர் வந்துவிட்டது. என் வியாதிக்கு இன்னும் எத்தனை பெயர் வைத்திருக்கிறாய்? பிறகு நீயும் நித்யாவும் கிச்சனில் குசுகுசுவென்று பேசினீர்கள். மறுநாள் காலையில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அத்த, நான் மொதல்லயே சொல்லணும்னு சொன்னேன். அவர்தான் விடல. குழந்தைய நீங்க ஒதுக்கறப்பல்லாம் சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வரும்” என்று அழுதாள். அவளும் நாலு மாதம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் அவள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது. பையை எடுத்துக்கொண்டேன். உன் லேப்டாப் பையிலிருந்த என் ஃபைலையும் எடுத்துக்கொண்டேன். நீ தேடியிருப்பாய். அது என்னுடையது.

உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். யாருக்காவது நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு பொய் சொல்லத் தோன்றினால், அந்தப் பொய்யோடு அவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று கொஞ்சம் யோசி. அவர்கள் அதை நம்பி ஒரு மாத்திரையைப் போடலாம், ஒரு குழந்தையைத் தள்ளிவிடலாம். பொய் சொன்னவன் வேலைக்குப் போய்விடுவான். நம்பினவர்கள்தான் அதோடு நாள் முழுக்க இருக்க வேண்டும். நாளைக்கு நித்யாவுக்கோ மித்ராவுக்கோ ஒன்று வந்தால் இதே வேலையைச் செய்யாதே.

சனிக்கிழமை மாலை அளத்துப் பெண்கள் வேலை முடித்துக் குளித்துவிட்டுச் செல்வி வீட்டில் கூடினார்கள். நானே சொன்னேன். “எனக்கு கேன்சர். டிபி இல்ல. ஒட்டாது. ஆனா உங்களுக்குச் சளி காய்ச்சல் இருந்தா என் பக்கத்துல வராதீங்க, எனக்கு அணு கம்மியா இருக்குது” என்றேன். யாரும் செத்துவிடவில்லை. இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி, “ஏன்க்கா, அந்த வலி மாத்திரை நாங்களும்தானே போடறோம்” என்று கேட்டாள். அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை பேர் வெறும் வயிற்றில் போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்திக்கு ஆறு மாதமாக நெஞ்செரிச்சலாம். அவளைக் கட்டாயம் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நான் மட்டும் புதுச்சேரிக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நர்ஸ், “கூட யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார். “யாரும் வரல. எதா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க” என்றேன். டாக்டரம்மா ரிசல்ட்டை என் முன்னால் வைத்து விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். பிளேட்லெட் ஏறியிருக்கிறது, வயிறு தேவலை. வெள்ளை அணு மட்டும் இன்னும் ஏறவில்லை, அதனால் அடுத்த மருந்தை இந்த வாரம் ஏற்ற முடியாது. தள்ளிப்போவது நல்லதில்லைதான், ஆனால் அவசரப்பட்டால் ஆபத்து என்றார். எனக்குப் பயமாக இருந்தது. மேசைக்குக் கீழே புடவையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அது என் பயம், எனக்கு வர வேண்டிய பயம், எனக்கே வந்து சேர்ந்தது. பிறகு, “காய்ச்சல் எவ்வளவு வந்தா நான் ஓடி வரணும், மேடம்?” என்று கேட்டேன். அவர் சொன்னார். நான் என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வருவதானால் வா, லீவு போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. உள்ளே நான் போவேன், நீ பெஞ்சில் உட்கார்ந்திரு. வெளியே வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொல்கிறேன். நல்லதாக இருந்தாலும் சரி, கெட்டதாக இருந்தாலும் சரி, அப்படியே சொல்வேன். நீ தாங்கிக்கொள்வாய்.

உன் அம்மா